அப்பத்தா படித்துக் காட்டிய கோழி

போன வருஷம் பங்குனியில் ஒரு நாள். கடையை அடைத்துவிட்டு எட்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அத்தை பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் என் மகள். அப்போது அவளுக்குப் பதினைந்து மாதம். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு படப் புத்தகம் திறந்து கிடந்தது. பக்கம் முழுக்க ஒரு சிவப்புக் கோழி, பின்னால் மூன்று குஞ்சுகள்.

அத்தை பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. உசிலம்பட்டி பக்கத்தில் ஒரு கிராமம். ரேஷன் கடை, பென்ஷன், பத்திரம் என்று எல்லா இடத்திலும் கைநாட்டுதான். புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்று செருப்பைக் கழற்றியபடி வாசலிலேயே நின்றேன்.

"ஏ ஆத்தா, இந்தக் கோழி எங்கடி கெளம்பிருச்சு?"

கேட்டுவிட்டு அத்தை பேசாமல் இருந்தார். வெற்றிலையை மென்றுகொண்டு பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை கோழியைப் பார்த்தாள், அப்பத்தாவைப் பார்த்தாள், மறுபடி கோழியைப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. "கொக்கரக்கோ சொல்லும்மா" என்று எடுத்துக் கொடுக்க எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் அவள் விரலைக் கோழியின் மேல் வைத்து, "கோ" என்றாள்.

"ஆமா, கோழி. செவப்புக் கோழி. குஞ்சுகளக் கூட்டிட்டு எர தேடப் போகுதா?"

மறுபடியும் அதே மௌனம்.

"ம்" என்றாள் என் மகள்.

அந்த ஒரு பக்கத்திலேயே அவர்கள் இரண்டு பேரும் கால் மணி நேரம் இருந்தார்கள். கீழே அச்சடித்திருந்த இரண்டு வரியை யாரும் படிக்கவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பவும் இல்லை. நான் அப்படியே வாசப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் பேச்சுப் பயிற்சி கொடுத்த ஒரு அம்மா என்னிடம் சொன்னதும், அன்றைக்கு எனக்குச் சரியாகப் புரியாமல் போனதும் அங்கே என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

அதைச் சொல்ல வேண்டுமானால் பெரியவனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவன் 2018இல் பிறந்தான். திருமங்கலத்தில் எனக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ், டிடிபி கடை. விண்ணப்பம் எழுதத் தெரியாமல் தவிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவள் நான். அதனால் என் பிள்ளைக்கு எழுத்து சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு அளவுக்கு மேல் இருந்தது. அவன் தவழ ஆரம்பித்ததுமே அட்டைகள் வாங்கினேன். பழம், காய், வாகனம், அ, ஆ என்று அறுபது அட்டை. உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டி, "இது என்ன? ஆப்பிள். இது என்ன? யானை" என்று ஓட்டுவேன். அவன் திரும்பிக்கொண்டால் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்புவேன்.

2020இல் ஊரடங்கு வந்தது. கடை மூடிக் கிடந்தது. தெருவில் இறங்கக்கூடாது. வெளியே பார்க்கிற முகமெல்லாம் பாதி மறைந்திருந்தது. செல்போனில் பாட்டு போட்டால்தான் சோறு இறங்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டோம். அந்தப் பாட்டுகளில் நிறமும் எண்ணும் விலங்குகளின் பெயரும் இருந்ததால் அவன் கற்றுக்கொள்கிறான் என்றே நம்பினேன்.

இரண்டு வயது முடிந்தபோது அவனிடம் ஆறு சொல் இருந்தது. அம்மா, ப்பா, தா, ங்கா, போ, ட்டா. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும். அவங்கப்பனும் மூணு வயசுலதான் வாயத் தெறந்தான்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். கேட்க ஆறுதலாக இருந்ததால் நானும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு வயது எட்டு மாதத்தில்தான் காது டாக்டரிடம் போனோம். அடிக்கடி சளி பிடித்ததில் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு நாம் பேசுவது தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்கிற மாதிரிதான் கேட்கும். சத்தம் கூட்டி வைத்த போனுக்கு அவன் திரும்பியதால், அவனுக்குக் காது கேட்கிறது என்று நினைத்திருந்தேன். அடுப்படியிலிருந்து நான் கூப்பிட்டபோதெல்லாம் அவன் திரும்பாததைப் பிடிவாதம் என்று திட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நீர் வற்றச் சில மாதம் ஆனது. கூடவே வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி. அங்கேதான் அந்த அம்மா ஒரு புத்தகத்தைக் கொடுத்து, "நீங்க வீட்டுல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே இவன்கூடப் பேசுங்க" என்றார். நான் பேசினேன். ஐந்து நிமிஷம் கழித்து நிறுத்தச் சொன்னார்.

"நிறையக் கேள்வி கேக்குறீங்க. பதிலையும் நீங்களே சொல்லிடுறீங்க. அவன் முறை எப்ப வரும்?"

கேட்ட பிறகு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள் என்றார். எண்ணினேன். ஆனால் அந்தப் பத்து எண்ணிக்கையும் எனக்குப் பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்கிற மாதிரிதான் இருந்தது. என் முகத்தில் அது தெரிந்திருக்கும். அவன் இன்னும் சுருங்கினான். மூன்றரை வயதில் பேச்சு வந்தது, நன்றாகவே வந்தது. இப்போது எட்டு வயது. பேச்சை நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஆனால் அவனுடைய அந்த இரண்டு வருஷம் எனக்குத் திரும்பக் கிடைக்காது.

இதைப் படிக்கிற யாருக்காவது வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஒரு வயதில் விரலை நீட்டி எதையும் காட்டவில்லை, மழலைச் சத்தமே இல்லை. ஒன்றே கால், ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லை. இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை. வந்த பேச்சு எந்த வயதிலாவது நின்றுபோகிறது. இதில் எது இருந்தாலும் சொந்தக்காரர்கள் சொல்லும் ஆறுதலைக் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். முதலில் காதைப் பரிசோதியுங்கள். எத்தனை சின்னப் பிள்ளைக்கும் காது பார்க்க முடியும், பிள்ளை பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை. தூங்கும்போதே எடுக்கிற பரிசோதனையும் இருக்கிறது. 2013இல் மத்திய அரசு தொடங்கிய பிள்ளைகள் நலத் திட்டத்தில் மாவட்டந்தோறும் டி.இ.ஐ.சி. என்ற, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறையைச் சீக்கிரமே கண்டு உதவுகிற மையம் வைத்தார்கள். பேச்சு, காது, வளர்ச்சி எல்லாவற்றையும் அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். அங்கன்வாடி டீச்சரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் வழி சொல்லுவார்கள். எங்களுக்கு அப்போது அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

போனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2003இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பட்ரீசியா கூல் என்பவர் ஒரு ஆய்வு நடத்தினார். ஒன்பது மாதக் குழந்தைகள், வீட்டில் ஆங்கிலம் மட்டும் கேட்கிறவர்கள். அவர்களோடு சீன மொழி பேசுகிற ஆட்கள் உட்கார்ந்து, பொம்மையும் புத்தகமும் வைத்துப் பன்னிரண்டு முறை விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவியில் மட்டும் பார்த்த குழந்தைகள் ஒன்றையும் கற்கவில்லை. ஒலியை மட்டும் கேட்டவர்களுக்கும் அதே கதிதான். கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம் இதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் மகன் சாப்பிடும்போது பார்த்த அத்தனை பாட்டும் அவன் "ம்" சொல்ல ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவன் சிரித்தானா, முகம் சுளித்தானா என்று பார்த்து அதற்கேற்ப மாறவும் இல்லை. இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது இதனால்தான் என்று எனக்குப் புரிந்தது. தூரத்துத் தாத்தாவோடு வீடியோ காலில் பேசுவது மட்டும் வேறு கணக்கு. அந்தப் பக்கம் பதில் சொல்ல ஆள் இருக்கிறது.

மகள் 2023 டிசம்பரில் பிறந்தாள். அடுத்த வருஷம் மாமா தவறியதும் அத்தை எங்களோடு வந்துவிட்டார். அந்தக் கோழிப் பக்கம் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது.

அன்றைக்கு ராத்திரி அத்தையிடம் கேட்டேன். "அத்தை, அவ பதில் சொல்ற வரைக்கும் எப்படிப் பொறுமையா இருந்தீங்க?"

"இதுல என்னம்மா பொறும? கத சொன்னா ம் கொட்டணும்ல. ம் வராம அடுத்தத எப்பிடிச் சொல்றது? தூங்கிருச்சா முழிச்சிருக்கான்னு தெரிய வேணாமா?"

உம் கொட்டுதல். நாம் எல்லோரும் அப்படிக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். இருட்டில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் "ம்" சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கதை நின்றுவிடும். கதை சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் பாதிப் பாதி வேலை. நான் அதைப் பாயோடும் இருட்டோடும் விட்டுவிட்டு, புத்தகம் என்று வந்ததும் வாத்தியார் மாதிரி ஆகியிருந்தேன். அத்தைக்குப் புத்தகமும் கதைதான். படத்தைக் காட்டிக் கேட்டார், ம் வரும் வரை காத்திருந்தார்.

பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது, இதையே ஆய்வு செய்திருக்கிறார்கள். 1988இல் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் 21 மாதம் முதல் 35 மாதம் வரை உள்ள பிள்ளைகளின் பெற்றோரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். இரண்டு பிரிவுமே ஒரு மாதம் வீட்டில் புத்தகம் படித்தார்கள், ஏறத்தாழ அதே அளவு தடவை. ஒரு பிரிவு வழக்கம்போலப் படித்தது. மற்றப் பிரிவுக்குச் சில விஷயங்கள் மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள்: ஆமா, இல்லை என்று முடிந்துவிடாத கேள்வி கேளுங்கள், பிள்ளை சொன்னதோடு ஒன்றிரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள், பிள்ளையின் ஆர்வம் போகிற பக்கம் நீங்களும் போங்கள். மாத முடிவில் அந்தப் பிரிவுப் பிள்ளைகள் பேச்சில் நன்றாக முந்தியிருந்தார்கள். பல மாதம் கழித்துப் பார்த்தபோதும் முன்னால்தான் இருந்தார்கள். "கோ" என்றவளிடம் "ஆமா, கோழி, செவப்புக் கோழி" என்று அத்தை சொன்னாரே, அதுதான் அந்தச் சேர்த்துச் சொல்வது. "தப்பு, கோழின்னு சொல்லு" என்று அத்தை சொல்லவே இல்லை என்பதையும் கவனித்தேன். நான் பெரியவனிடம் எப்போதும் அதைத்தான் சொன்னேன்.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். சின்னப் பிள்ளையோடு புத்தகம் படிப்பது என்றால் அவள் பேச இடம் விட்டுப் பேசுவது. புத்தகம் அதற்கு ஒரு சாக்கு. இதை எழுதும்போது எளிதாக இருக்கிறது. செய்யும்போது பத்து எண்ணுவதற்குள் வாய் தானாகத் திறந்துகொள்ளும். இப்போது நான் எண்ணுவதில்லை. அத்தை மாதிரி அவள் முகத்தைப் பார்க்கிறேன். அவள் கண் படத்தில் எங்கே போகிறது என்று பார்த்தாலே நேரம் போவது தெரியவில்லை. நான் கோழியைப் பற்றிக் கேட்டிருப்பேன், அவள் ஓரத்தில் கிடக்கிற ஒரு கூழாங்கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போது கல்லைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கேள்வியிலும் வரிசை இருக்கிறது. என்ன, எங்க, யாரு மூன்றும் முதலில் பிடிபடுகிறது. ஏன், எப்ப இரண்டும் இன்னும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. "ஏன் அழுவுறான் பாப்பா?" என்று கேட்டால், அழுகிற பையனை விரலால் தொட்டுக் காட்டி "அண்ணே" என்கிறாள். அவளுக்கு அது "யாரு" என்றுதான் கேட்கிறது. இரண்டே கால் வயதுக்கு அது போதும்.

எங்கள் ஊரில் தமிழில் கெட்டி அட்டைப் புத்தகம் கிடைப்பது கஷ்டம். இருக்கிறதும் பெரும்பாலும் அ, ஆ அல்லது பழங்களின் பெயர்ப் பட்டியல். ஆப்பிள், ஸ்ட்ராபெரி, பென்குயின். என் மகள் பென்குயினைப் பார்த்து என்ன பேசுவாள்? அதனால் கடையில் நானே ஒன்று செய்தேன்.

ஏ4 போட்டோ ஷீட்டைப் பாதியாக வெட்டினால் ஒரு பக்கம். எட்டுப் பக்கம் போதும். பக்கத்துக்கு ஒரே ஒரு படம், செல்போனில் எடுத்தது. எங்கள் வாசல் கோலம். அப்பத்தாவின் சுருக்குப்பை. அண்ணனின் சைக்கிள். மிக்ஸி. மொட்டை மாடியில் காயும் வத்தல். அப்பாவின் லோடு வண்டி. எதிர் வீட்டுப் பசுமாடு. தூங்குகிற அவளே. ஒவ்வொன்றையும் லேமினேஷன் பண்ணி, மூலைகளைக் கார்னர் கட்டரில் வளைத்து வெட்டினேன். இல்லாவிட்டால் லேமினேஷன் முனை கண்ணில் குத்தும். ஸ்பைரல் போட்டுப் பார்த்தேன், கம்பியின் நுனியை அவள் நோண்டினாள். ஃபைல் டேக்கின் இரண்டு முனையிலும் தகரம் இருக்கும், வாயில் போட்டால் ஆபத்து. கடைசியில் இரண்டு துளை போட்டுப் பாவாடை நாடாவைத் தளர்வாகக் கட்டினேன். பக்கம் சுலபமாகத் திரும்புகிறது. அழுக்கானால் ஈரத்துணியால் துடைக்கலாம். நாடாவைத் துவைக்கலாம். கடைக்கு வருகிற அம்மாக்கள் பார்த்துவிட்டு இதுவரை பதினோரு பேர் தங்கள் வீட்டுப் படங்களை அனுப்பிச் செய்து வாங்கிப் போயிருக்கிறார்கள். ஒருவர் பிள்ளையின் மாமா துபாயில் இருக்கிறார் என்று அவர் படத்தை மட்டுமே ஆறு பக்கம் போடச் சொன்னார்.

கதைப் புத்தகத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. குழந்தைப் புத்தகங்கள் போடுகிற பிரதம் புக்ஸ் 2015இல் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தைத் தொடங்கினார்கள். தமிழிலும் ஏராளமான கதைகள் இருக்கின்றன, படிக்கும் நிலைவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இலவசமாக இறக்கி அச்சடிக்கலாம், உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது. எழுதியவர், வரைந்தவர் பெயர் உள்ள பக்கத்தை மட்டும் எடுக்கக்கூடாது. நான் முதல் நிலைக் கதைகளை அச்சடித்து லேமினேஷன் போடுகிறேன். சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒன்றாக இருக்கும் புத்தகங்களும் போடுகிறார்கள். மகளின் பிறந்தநாளுக்கு அதில் இரண்டு வாங்கினேன். மதுரை நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லோடு வண்டி சும்மா நின்றால் எல்லோரும் போவோம். அத்தை அங்கே தரையில் உட்கார்ந்து படம் பார்ப்பதை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

அச்சில் உள்ள தமிழைப் பற்றி எனக்கும் என் தோழி ஒருத்திக்கும் சண்டையே வந்தது. அவள் தமிழாசிரியை. புத்தகத்தில் "பூனை பால் குடிக்கிறது" என்று இருக்கிறது. என் மகள் வாழ்க்கையில் அந்த வரியை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் பூனை பால் "குடிக்குது". நான் அப்படியே பேச்சுத் தமிழில் படிக்கிறேன். "எழுத்துத் தமிழ் காதுல விழ விழத்தான் பழகும், கெடுக்காதே" என்கிறாள் தோழி. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நாலு வயதுப் பிள்ளைக்கு. ஆனால் வாயில் நூறு சொல்கூட நிற்காத பிள்ளை, தான் தினமும் கேட்கிற பேச்சைத்தான் புத்தகத்திலும் முதலில் பிடிக்கிறது என்று என் மகளைப் பார்த்துச் சொல்கிறேன். "குடிக்குது" என்றால் அவளிடமிருந்து "குக்குது" வருகிறது. "குடிக்கிறது" என்றால் பேசாமல் என்னைப் பார்க்கிறாள்.

கதைக்கென்று ஒரு குரல் நம் பேச்சுத் தமிழிலேயே இருக்கிறது. "ஒரு ஊர்ல ஒரு காக்கா இருந்துச்சாம்." அந்த "ஆம்" ஒட்டிக்கொண்டதுமே பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது, இது நம் தெருக் காக்கா இல்லை, கதைக் காக்கா என்று. என் மகள் "ச்சாம்" என்று கேட்டாலே எங்கே இருந்தாலும் ஓடிவந்து மடியில் உட்காருகிறாள்.

இன்னொரு பொக்கிஷம் இரட்டைக்கிளவி. மழை சடசட, தண்ணி மடமட, அப்பா வண்டி கடகட, கோலமாவு பொலபொல. எந்தச் சொல்லையும் தெளிவாகச் சொல்ல வராத காலத்திலும் "டபடப" என்று கதவைத் தட்ட அவளால் முடிந்தது. ஒரே அசை இரண்டு முறை வருவதால் வாய்க்குச் சுலபம். ழகரமும் றகரமும் வர இன்னும் வருஷங்கள் ஆகும். வாழைப்பழம் இப்போதைக்கு "வாயப்பயம்"தான். அதை யாரும் திருத்த வேண்டியதில்லை, நாம் சரியாகச் சொன்னால் போதும். மிக்ஸிப் பக்கம் வந்தால் என் வீட்டுக்காரர்தான் படிக்க வேண்டும். புத்தகம் படிக்கத் தனக்கு வராது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், தேங்காயைப் போட்டுப் பல்ஸில் இரண்டு சுற்று, பிறகு முழு வேகம் என்று வாயாலேயே அரைத்துக் காட்டுகிறார். மூடியை அமுக்கிப் பிடிக்கிற வேலை மகளுக்கு. அவள் கையை எடுத்தால் மிக்ஸி நிற்க வேண்டும்.

புத்தகத்தை வாயில் வைக்கிறாள், கிழிக்கிறாள் என்று நிறையப் பேர் மேலே எடுத்து வைத்துவிடுகிறார்கள். ஒன்பது மாதத்தில் என் மகள் படத்திலிருந்த வாழைப்பழத்தை நகத்தால் பிறாண்டி எடுக்கப் பார்த்தாள். படம் என்றால் என்ன என்று அவள் கையால் விசாரித்துக்கொண்டிருந்தாள். ஜூடி டிலோச் என்ற ஆய்வாளர் 1998இல் இதையே எழுதியிருக்கிறார். அமெரிக்கக் குழந்தைகளும் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் கிராமக் குழந்தைகளும் ஒன்பது மாதத்தில் படத்தைத் தடவியும் பிடுங்கியும் பார்த்தார்கள். ஒன்றரை வயதுக்கு மேல் போன குழந்தைகள் பிடுங்குவதை விட்டு விரலால் சுட்டினார்கள். திருமங்கலத்திலும் அப்படியேதான் நடந்தது. ஒன்றரை வயதில் அதே வாழைப்பழத்தைச் சுட்டிக் காட்டி என் முகத்தைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு புத்தகத்தின் நான்கு பக்கம் போனது. போகட்டும்.

"இன்னொக்கா" என்பது இப்போது எங்கள் வீட்டில் அதிகம் கேட்கிற சொல். ஒரே புத்தகம், ஒரே ராத்திரியில் ஏழு முறை. பெரியவனுக்குப் பொறுக்காது. அவன் தங்கைக்குப் படித்துக் காட்டுவான், ஆனால் மடமடவென்று முடித்துவிடுவான். அவள் புத்தகத்தை மூடி அவன் கையைத் தள்ளிவிடுவாள். ஒருநாள் அப்பத்தா அவனைக் கூப்பிட்டு, "ம் கேட்டுட்டுத் திருப்புடா" என்றார். இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்திப் புருவத்தை உயர்த்தித் தங்கையைப் பார்க்கிறான். ஒரு காலத்தில் அவனுக்கு நான் கொடுக்காத அந்த நேரத்தை அவன் கொடுக்கிறான்.

போன வாரம் நடந்த ஒன்றுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எதிர் வீட்டுக்காரர்கள் மாட்டை விற்றுவிட்டார்கள். கன்றுக்குட்டியோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி வழக்கம்போல எங்கள் வீட்டுப் புத்தகத்தை எடுத்தோம். கோலம், சுருக்குப்பை, சைக்கிள் எல்லாம் தாண்டி மாட்டுப் பக்கம் வந்தது. "மாடு எங்க?" என்று வழக்கமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். எப்போதும் படத்தைத் தொடுவாள். அன்றைக்குத் தொடவில்லை. மடியிலிருந்து இறங்கினாள். புத்தகத்தை நாடாவோடு இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கம்பிக் கதவு வழியாக எதிர் வீட்டுத் தொழுவத்தைப் பார்த்தாள். தெரு விளக்கு வெளிச்சத்தில் முளைக்குச்சியும் காடித் தொட்டியும் மட்டும் இருந்தன.

நாங்கள் யாரும் பேசவில்லை. அத்தைகூட வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

அவள் திரும்பி வந்து, பக்கத்தை என் முன்னால் வைத்து, "மாடு இல்ல" என்றாள்.

அவள் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வது இது முதல் தடவை இல்லை. "ப்பா வா", "ங்கா தா" எல்லாம் வந்திருந்தது. அதெல்லாம் தனக்கு வேண்டியதைக் கேட்பது. படத்தில் இருக்கிறதையும் வெளியே இல்லாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதை எங்களுக்குச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"ஆமா ஆத்தா. மாடு இல்ல. வித்துட்டாக. கண்ணுக்குட்டியும் போயிருச்சு" என்றார் அத்தை.

"குட்டி?"

"குட்டியும் இல்ல."

"ம்."

மறுநாள் கடைக்குப் போகும்போது அந்த முளைக்குச்சியைப் போட்டோ எடுத்தேன். காலி இடம்தான், இருந்தாலும் ஒரு பக்கம் செய்து லேமினேஷன் போட்டு, மாட்டுக்கு அடுத்த பக்கமாகக் கோத்திருக்கிறேன். மாட்டுப் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று நாடாவை அவிழ்த்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டும் இருக்கிறது. இப்போது புத்தகம் ஒன்பது பக்கம்.